இடது பக்கம் திரும்பினேன்

ஃபேக்டரி பஸ்ஸைத் துரத்திக்கொண்டு ஓடியதால்தான் நான் சாஃப்ட்பால் குழுவில் சேர்ந்தேன்.

அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. கெலுகோர் பக்கம் கடலில், எங்கள் தீவை எதிர்க்கரையோடு இணைக்கும் பாலத்துக்குத் தூண் இறக்கிக்கொண்டிருந்த காலம். பாயான் லெப்பாஸில் ஓர் எலெக்ட்ரானிக் ஃபேக்டரியில் வேலை பார்த்தேன். எங்கள் வீடு ஜார்ஜ் டவுனில், டத்தோ கிராமாட் சாலையிலிருந்து உள்ளே போகிற ஒரு சந்தில் இருந்தது. காலை ஷிஃப்டுக்கு பஸ் ஆறு மணிக்குச் சந்து முனையில் நிற்கும். நிற்கும் என்று சொல்வது மரியாதைக்குத்தான். டிரைவர் கொஞ்சம் வேகத்தைக் குறைப்பார், அவ்வளவே. நான் ஒரு கையில் சாப்பாட்டுக் கேரியரும் இன்னொரு கையில் செருப்புமாக ஓடி, ஏறுவதற்குள் கதவருகே இருக்கிறவர்கள் என் கையைப் பிடித்து இழுத்துவிடுவார்கள்.

இதையெல்லாம் பஸ்ஸின் கடைசி இருக்கையில் உட்கார்ந்து பின்கண்ணாடி வழியாக ஒருத்தி பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். எங்கள் பகுதியின் லைன் லீடர், சீனப் பெண். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவள். கட்டையான உடம்பு, உரத்த குரல். ஒரு நாள் நான் மைக்ரோஸ்கோப்பில் கண் வைத்து வேலை செய்துகொண்டிருந்தபோது பின்னால் வந்து நின்றாள். ஏதோ தப்பு செய்துவிட்டேன் என்று நினைத்தேன்.

"ஞாயித்துக்கிழமை உனக்கு என்னா வேல?" என்று மலாயில் கேட்டாள். நாங்கள் எல்லாரும் எங்களுக்குள் பேசிக்கொண்டது மலாய்தான்.

"துணி தொவைக்கணும்."

"அத சனிக்கெழம தொவச்சிடு. ஞாயித்துக்கெழம எங்க டீமுக்கு நீ ஓடணும்."

அவள்தான் ஃபேக்டரி பெண்கள் சாஃப்ட்பால் குழுவின் கேப்டன். எனக்கு சாஃப்ட்பால் என்றால் என்னவென்றே தெரியாது. பள்ளியில் வலைப்பந்து ஆடியிருக்கிறேன், அதோடு சரி. ஆனால் எட்டு மணி நேரம் மைக்ரோஸ்கோப்புக்குள் தலைமுடியைவிட மெல்லிய கம்பியைப் பார்த்துக்கொண்டே இருக்கிறவளுக்கு, வெயிலில் ஒரு பெரிய வெள்ளைப் பந்து பறந்து வருவதைப் பார்ப்பதே ஒரு சந்தோஷம். முதல் ஞாயிறே அது என்னைப் பிடித்துக்கொண்டது.

எனக்கு அடிக்க வரவில்லை. மட்டையைச் சுழற்றினால் பந்து ஒரு பக்கம், மட்டை ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். கேப்டன் இரண்டு வாரம் பார்த்துவிட்டு, "நீ அடிக்கவே வேணாம் லா. மட்டைய குறுக்க புடி. பந்து வந்து அதுல முட்டட்டும். முட்டினதும் ஓடு" என்றாள். அதற்கு பன்ட் என்று பெயர். பந்து என் காலடியில் சோம்பலாக உருளும். எதிர்க் குழுக்காரி அதை ஓடி வந்து எடுத்து முதல் பேஸுக்கு எறிவதற்குள் நான் அங்கே போய்ச் சேர்ந்துவிட வேண்டும். பந்து முந்தினால் நான் அவுட். நான் முந்தினால் பிழைத்தேன்.

ஓடிப் போய்ச் சேர்வதில் எனக்குச் சிரமமே இல்லை. நிற்பதில்தான் சிரமம். முதல் நாள் பேஸை மிதித்ததும் நிற்கப் பார்த்தேன். பேஸ் என்பது மண்ணில் அடித்து வைத்த தடித்த கான்வாஸ் மெத்தை. என் கால் நின்றது, உடம்பு நிற்கவில்லை. முகம் குப்புற விழுந்தேன். முழங்கால் இரண்டிலும் தோல் போயிற்று.

கேப்டன் ஓடி வந்து தூக்கிவிட்டாள். "அலாமாக்! யார் ஒன்ன நிக்கச் சொன்னா? ரெண்டாவது பேஸ், மூணாவது பேஸ், அங்கதான் நிக்கணும். அதத் தாண்டிப் போனா, பந்து வச்சிருக்கிறவ ஒன்னத் தொட்டுட்டா போச்சு. முதல் பேஸ் அப்படி இல்ல. மிதிச்சிட்டு நேரா ஓடிக்கிட்டே இரு. அப்புறம் மெதுவா திரும்பி வா. யாரும் ஒன்ன ஒண்ணும் செய்ய முடியாது."

எவ்வளவு நல்ல சட்டம் என்று தோன்றியது. எனக்காகவே யாரோ எழுதியது போல இருந்தது.

"ஆனா ஒண்ணு," என்று விரலை ஆட்டினாள். "திரும்பும்போது வலது பக்கமா திரும்பு. கோட்டுக்கு வெளிய. பேலோக் கிரி, மாத்தி."

இடது பக்கம் திரும்பினால் சாவு என்று அதற்கு அர்த்தம். இதை எங்கள் குழுவில் எல்லாரும் சொன்னார்கள். வலது பக்கம் திடலுக்கு வெளியே போகிற பக்கம். இடது பக்கம் இரண்டாவது பேஸ் இருக்கிற பக்கம். இடது பக்கம் திரும்பிவிட்டால் நீ இரண்டாவது பேஸுக்குப் போகிறாய் என்று அர்த்தமாகிவிடும், உன்னைத் தொட்டால் அவுட். மற்ற ஃபேக்டரிக் குழுக்களும் அப்படித்தான் ஆடினார்கள். நானும் அதன்பிறகு நூறு முறையாவது வலது பக்கம் திரும்பியிருப்பேன்.

அந்த வருடம் ஆறு ஃபேக்டரிகள் போட்டியில் சேர்ந்தன. ஞாயிறுதோறும் பிரவுன் திடலில் ஆட்டம். எங்களுக்கு மஞ்சள் சட்டை. எங்களுக்குச் சரியான எதிரிகள் நீலச் சட்டைக்காரிகள். எங்கள் ஃபேக்டரிக்கு இரண்டு கேட் தள்ளி அவர்கள் ஃபேக்டரி. ஒரே கடையில் காலையில் பசியாறுவோம், ஞாயிறானால் முறைத்துக்கொள்வோம்.

முதல் பேஸ் பக்கம் நிற்கும் நடுவர் எப்போதும் ஒருவர்தான். ஐம்பது வயது இருக்கும். ஒல்லியாக, உயரமாக, இஸ்திரி மடிப்புக் கலையாத காற்சட்டையில் வருவார். சிலோன் தமிழர். துறைமுக அலுவலகத்தில் பெரிய கிராணி, அதாவது தலைமைக் குமாஸ்தா. என் அப்பா அதே துறைமுகத்தில் சரக்கு ஏற்றி இறக்கும் வேலையில் இருந்தார். அப்பா தினமும் ஆஜர் கொடுக்கிற ஜன்னலுக்குப் பின்னால், கண்ணாடித் தடுப்புக்குள் உட்கார்ந்திருப்பவர் இவர். அப்பாவின் பேச்சில் அவருக்குப் பெயரே கிடையாது, 'கிராணி ஐயா' மட்டும்தான். அவர் விரலைத் தூக்கினால் அவுட், கையை விரித்தால் இல்லை. யாரும் எதிர்த்துப் பேசியதை நான் பார்த்ததில்லை.

நீலச் சட்டைகளோடு முதல் ஆட்டம். மத்தியானம் நல்ல மழை பெய்து விட்டிருந்தது. கடைசிச் சுற்று, நாங்கள் ஒரு ஓட்டம் பின்தங்கியிருந்தோம். எங்களில் இரண்டு பேர் ஏற்கெனவே அவுட். நான் மட்டையோடு போய் நின்றேன். நான் போனால் ஆட்டம் முடிந்தது.

பந்து முட்டியது. ஓடினேன். என் பின்னால் யாரோ கத்துவதும் பந்து காற்றில் வருவதும் கேட்டது. பேஸை மிதித்தேன். ஒரு நொடி கழித்துத்தான் நீலச் சட்டைக்காரியின் கையுறையில் பந்து விழும் சத்தம் கேட்டது. பிழைத்துவிட்டேன்! அதே வேகத்தில் நேராகப் பத்தடி ஓடினேன். வேகம் குறைந்தது. வலது பக்கம் பார்த்தால் ஒரு குளம் தேங்கி நின்றது. என் வெள்ளை கான்வாஸ் காலணி புதிது. முந்தின நாள்தான் சவுக்காரம் போட்டு வெளுத்திருந்தேன்.

இடது பக்கம் திரும்பி, சாவகாசமாகப் பேஸை நோக்கி நடந்து வந்தேன்.

நீலச் சட்டைக்காரி பந்தோடு வந்து என் தோளில் ஒரு தட்டுத் தட்டினாள். நடுவரின் கட்டைவிரல் மேலே போனது.

"அவுட்!"

நீலச் சட்டைகள் குதித்தார்கள். கேப்டன் மட்டையைக் கீழே போட்டுவிட்டு என்னைப் பார்த்தாள். திட்டியிருந்தால் தேவலை. "பேலோக் கிரி" என்று மட்டும் மெதுவாகச் சொல்லிவிட்டுப் பையை எடுக்கப் போய்விட்டாள். என் காலணி மட்டும் வெள்ளை வெளேரென்று இருந்தது.

வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தேன். என் அக்கா கெலுகோர் பல்கலைக்கழகத்தில் டைப்பிஸ்ட். எதையும் எழுத்தில் பார்க்காமல் நம்பமாட்டாள், வேலை அப்படி.

"ஏண்டி மூஞ்ச தூக்கி வச்சிருக்க?"

சொன்னேன். புளியைக் கரைத்துக்கொண்டே கேட்டாள்.

"எடது பக்கம் திரும்பினா அவுட்னு யாரு சொன்னா?"

"எல்லாருக்கும் தெரியும் லா அக்கா."

"எல்லாருக்கும் தெரியும்னா எங்கியாச்சும் எழுதி இருக்கணும்ல? நீ படிச்சியா?"

"இல்ல."

"ஒங்க கேப்டன் படிச்சாளா?"

"தெரியல."

"நல்லா வெளையாடுறீங்க போ. சோறு போட்டுக்க."

இரண்டு நாள் கழித்து அக்கா வேலை முடிந்து வந்ததும் பையிலிருந்து ஒரு சின்னப் புத்தகத்தை எடுத்துப் போட்டாள். சாஃப்ட்பால் விதிப்புத்தகம். பல்கலைக்கழக விளையாட்டு அலுவலகத்தில் அவளுடைய சிநேகிதி வேலை செய்தாள். "வெள்ளிக்கெழம திருப்பிக் குடுக்கணும். கறி கிறி படாம பாத்துக்க."

அடுப்படித் தரையில் அகராதியை விரித்து வைத்துக்கொண்டு இரண்டு பேரும் படித்தோம். ஆங்கிலம் வக்கீல் ஆங்கிலமாக இருந்தது. ஒரு வாக்கியம் ஆரம்பித்தால் அரைப் பக்கத்துக்கு முடியவில்லை. அக்கா விரலை வைத்து வைத்துப் போனாள். முதல் பேஸைத் தொட்டுவிட்டுத் தாண்டி ஓடியவள், உடனே நேராகப் பேஸுக்குத் திரும்பினால், அவளைத் தொட்டு அவுட் ஆக்க முடியாது. அவள் இரண்டாவது பேஸுக்குப் போக முயற்சி செய்தால், அப்போது தொட்டால் அவுட்.

"இதுல எடது எங்க இருக்கு?" என்றாள் அக்கா.

திரும்பப் படித்தேன். இடதும் இல்லை, வலதும் இல்லை. முன்னும் பின்னும் பத்துப் பக்கம் தேடினேன், எங்கேயும் இல்லை.

"முயற்சி பண்ணா அவுட்டு. நீ முயற்சி பண்ணியா?"

"இல்லக்கா. தண்ணி இருந்துச்சு. காலணி நனைஞ்சிடும்னு..."

"அப்ப நீ அவுட்டே இல்லடி!"

அவள் சொன்ன சத்தத்தில் அப்பா அடுப்படிக்கு வந்துவிட்டார். விஷயத்தைக் கேட்டதும் அவர் முகம் மாறிவிட்டது.

"யாரு அவுட்டு குடுத்தது? கிராணி ஐயாவா?"

"ஆமாப்பா."

"வேணாம்மா. வெளையாட்டுதானே, வுட்டுடு. நாளைக்கு நான் அந்த ஜன்னல்ல போயி நிக்கணும்."

அப்பாவுக்காக விட்டுவிடலாம் என்றுதான் அன்றைக்கு நினைத்தேன். ஆனால் மறுநாள் ஃபேக்டரி பஸ்ஸில் ஏறியபோது கேப்டன் பக்கத்தில் இடம் காலியாக இருந்தும் நான் போய் உட்காரவில்லை, அவளும் கூப்பிடவில்லை. நாள் பூராவும் அது உறுத்தியது. வியாழக்கிழமை எனக்கு மத்தியான ஷிஃப்ட். காலையில் புத்தகத்தை ஒரு பிளாஸ்டிக் பையில் சுற்றி எடுத்துக்கொண்டு துறைமுகச் சாலையான வெல்ட் கீ போய் இறங்கினேன்.

துறைமுக வாசலில் லாரிகள் வரிசையாக நின்றன. ஜன்னலில் இருந்த இளம் கிராணியிடம் சொன்னதும் அவர் உள்ளே போய்ச் சொன்னார். சற்று நேரத்தில் கிராணி ஐயாவே எழுந்து வெளியே வந்தார். நடுவர் தொப்பி இல்லாமல் அவரை அதுவரை பார்த்ததில்லை. தலையில் முடி குறைவு.

"என்ன பிள்ளை? நீர் மஞ்சள் டீம் எல்லோ?"

"ஆமா சார். போன வாரம்... நீங்க எனக்கு அவுட் குடுத்தீங்க."

"ஓம், குடுத்தனான். இடப்பக்கம் திரும்பினீர்."

"சார், இடது பக்கம் திரும்பினா அவுட்னு ரூல் இல்ல சார்."

அவர் சிரித்தார். கோபமில்லாத சிரிப்புதான். "நான் பதினெட்டு வருசமா அம்பயரா நிக்கிறன் பிள்ளை. ஆர் உமக்கு இதைச் சொன்னது?"

பையைப் பிரித்துப் புத்தகத்தை நீட்டினேன். அடையாளத்துக்கு அக்கா ஒரு பஸ் டிக்கெட்டை வைத்திருந்தாள். அவர் சட்டைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு அந்தப் பக்கத்தைப் படித்தார். பிறகு திரும்பப் படித்தார். பிறகு உதடு அசைய மூன்றாவது முறை படித்தார். பின்னால் ஒரு லாரிக்காரன் ஹார்ன் அடித்துக்கொண்டே இருந்தான். எனக்கு வியர்த்துக் கொட்டியது. அப்பா எந்தப் பக்கமிருந்தாவது வந்துவிடப் போகிறாரே என்று வேறு பயம்.

"இதில இடம் எண்டோ வலம் எண்டோ ஒண்டும் எழுதேல்லையே" என்றார், தனக்குத்தானே சொல்வது போல.

"இல்ல சார்."

"எனக்கு இதைச் சொல்லித் தந்தவர் அப்பிடித்தான் சொன்னவர். அவருக்கு ஆர் சொல்லிச்சினமோ." கண்ணாடியைக் கழற்றினார். "இந்தப் புத்தகம் ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் என்னட்ட இருக்கலாமோ?"

வெள்ளிக்கிழமை திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று சொல்ல வாய் வரவில்லை. தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன். அக்கா கேட்டதும் தலையில் அடித்துக்கொண்டாள். "குடுத்திட்டு வந்திட்டியா? அந்தாளு கடல்ல தூக்கிப் போட்டுட்டா என்னடி பண்ணுவ?" மறுநாள் சிநேகிதியிடம் என்னென்னவோ பொய் சொல்லித் தவணை வாங்கி வந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை முதல் ஆட்டம் தொடங்குமுன் அவர் திடலின் நடுவே போய் நின்று கையைத் தட்டினார். எல்லாக் குழுக்களையும் வரச் சொன்னார். ஆறு நிறச் சட்டைகளும் வட்டமாக நின்றன. அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். மலாயில் பேசினார், சுருக்கமாக.

போன வாரம் தான் ஒரு தவறான தீர்ப்புக் கொடுத்ததாகச் சொன்னார். மஞ்சள் குழுவின் ஆட்டக்காரி அவுட் இல்லை. முடிந்த ஆட்டத்தை மாற்ற முடியாது, அதற்காக மன்னிப்புக் கேட்கிறேன். இனிமேல் எந்தப் பக்கம் திரும்பினாலும் குற்றமில்லை, இரண்டாவது பேஸுக்குப் போக முயன்றால்தான் ஆபத்து. சொல்லிவிட்டுப் புத்தகத்தை உயர்த்திக் காட்டினார்.

யாருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. ஒரு நடுவர், அதுவும் அந்த வயதில், ஃபேக்டரிப் பெண்கள் முன்னால் நின்று மன்னிப்புக் கேட்டு நாங்கள் பார்த்ததில்லை. முதலில் கைதட்டியது எங்கள் கேப்டன்தான். அப்புறம் நீலச் சட்டைகளும் தட்டினார்கள். கேப்டன் தட்டி முடித்து என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். மன்னிப்புக் கேட்கும் முறை அவளுக்கு அதுதான். இரண்டு நாள் வலித்தது.

புத்தகத்தை என்னிடம் திருப்பித் தந்தபோது பார்த்தேன், பழைய காலண்டர் தாளில் அழகாக அட்டை போட்டிருந்தார்.

அந்த வாரம் வேலை முடிந்து வந்த அப்பா வழக்கத்துக்கு மாறாக என்னைத் தேடி வந்தார். "கிராணி ஐயா இன்னைக்கு ஜன்னல் வழியா தலைய நீட்டி, ஒம்மட மகளோ அந்தப் பிள்ளை எண்டு கேட்டாரு" என்று அவர் பாஷையிலேயே பேசிக் காட்டினார். "ஆமாங்கன்னேன். கெட்டிக்காரி எண்டாரு." அப்பாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

அதற்குப் பிறகு இரண்டு மூன்று வாரம் திடலில் ஒரே கூத்து. எல்லாரும் வேண்டுமென்றே இடது பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். ஒருத்தி முதல் பேஸைத் தாண்டி ஓடி, இடது பக்கம் ஒரு பெரிய வட்டமடித்து, இடுப்பில் கைவைத்துக்கொண்டு, பாசாரில் மீன் விலை கேட்கிறவளைப் போல நடந்து வந்தாள். தொட்டவளுக்கு அவுட் கிடைக்காமல் அழுகையே வந்துவிட்டது.

மீதி ஆட்டங்கள் எல்லாவற்றிலும் ஜெயித்து நாங்கள் இறுதியாட்டத்துக்குப் போனோம். எதிரில் மறுபடியும் நீலச் சட்டைகள்.

ஐந்தாவது சுற்றில் ஸ்கோர் சமம். நான் மட்டை பிடித்தேன். பந்து முட்டியது, ஓடினேன், பேஸை மிதித்தேன். எறிந்த பந்து முதல் பேஸ்காரியின் கையுறையில் பட்டுத் தெறித்து உருண்டு போவது கண் ஓரத்தில் தெரிந்தது. யோசிக்கவில்லை. இடது பக்கம் திரும்பி இரண்டாவது பேஸை நோக்கிப் பாய்ந்தேன். இரண்டே எட்டு. அதற்குள் நீலச் சட்டைக்காரி ஒருத்தி பின்னாலிருந்து ஓடி வந்து பந்தைப் பொறுக்கிவிட்டாள். நான் சட்டென்று நின்றேன். ஒன்றும் நடக்காதது போல, வானத்தைப் பார்த்துக்கொண்டு முதல் பேஸை நோக்கி நடக்க ஆரம்பித்தேன். நடிப்பு நன்றாக வந்தது என்றுதான் நினைத்தேன். பந்து வந்தது. பேஸ்காரி என் முதுகைத் தொட்டாள்.

"அவுட்!"

எங்கள் குழு முழுக்கத் திடலுக்குள் ஓடி வந்துவிட்டது. "இடது பக்கம் திரும்பலாம்னு நீங்கதானே சொன்னீங்க!" என்று மலாயிலும் சீனர்கள் பேசும் ஹொக்கியனிலும் ஒரே கூச்சல். கேப்டன் என்னை முன்னால் தள்ளினாள். "போ! புத்தகம் படிச்சவ நீதானே. தமிழ்ல சொல்லு, நல்லா சொல்லு!"

அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். நான் அருகே போனேன். எங்கள் இருவரையும் தவிர திடலுக்குள் தமிழ் தெரிந்தவர் யாருமில்லை.

"சொல்லும் பிள்ளை" என்றார்.

வாயைத் திறந்தேன். என்ன சொன்னாலும் கேட்பார் போலத்தான் தெரிந்தது. காலணி நனையக் கூடாதென்று திரும்பினேன் என்று சொல்லியிருக்கலாம். அன்றைக்கு மழையே இல்லை. அவர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு என் முகத்தையே பார்த்தார்.

"ரெண்டு எட்டு வச்சேன் சார்" என்றேன்.

"ஓம். நான் பாத்தனான்."

"அப்ப அவுட்தான் சார்."

"அவுட்தான்" என்றார். உதட்டோரம் ஒரு துடிப்பு, சிரிப்பை விழுங்கியது எனக்கு மட்டும் தெரிந்தது.

திரும்பி வந்தேன். கேப்டன் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "என்னா சொன்ன? என்னா சொன்ன?"

"அவர் சொன்னது சரின்னு சொன்னேன்."

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். ஹொக்கியனில் ஏதோ சொன்னாள். அதன் அர்த்தத்தை நான் இன்றுவரை யாரிடமும் கேட்கவில்லை.

ஆனால் அன்றைக்கு ஆட்டத்தைத் தோற்றது என்னால் இல்லை.

கடைசிச் சுற்று. ஐந்துக்கு ஐந்து. நீலச் சட்டைகள் ஆடினார்கள். அவர்களில் ஒருத்தி அவுட், ஒருத்தி மூன்றாவது பேஸில் நிற்கிறாள். அவள் 'வீடு' என்கிற, மட்டை பிடிக்கும் இடத்துக்கு வந்து சேர்ந்தால் அவர்களுக்கு வெற்றி. அடுத்தவள் பந்தைத் தரையோடு அடித்தாள். எங்கள் மூன்றாவது பேஸ்காரி எடுத்து, பக்கத்தில் நிற்பவளை ஒரு முறை முறைத்து நிறுத்திவிட்டு, முதல் பேஸுக்கு எறிந்தாள். முதல் பேஸில் நின்றது எங்கள் கேப்டன். பந்து ஒரு மூச்சு தாமதம். அடித்தவள் பிழைத்தாள், தாண்டி ஓடினாள், பிறகு இடது பக்கம் திரும்பி நடந்து வந்தாள்.

நான் அப்போது திடலின் வலது கோடியில் நின்றேன். எல்லாமே நன்றாகத் தெரிந்தது. கேப்டனின் முகம் பளிச்சென்று மலர்ந்ததைப் பார்த்தேன். பந்தோடு இரண்டடி வைத்துப் போய் அந்தப் பெண்ணின் தோளில் தட்டினாள். தட்டிவிட்டு, பந்து வைத்திருந்த கையை உயரத் தூக்கி, நடுவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றாள். இடது பக்கம் திரும்பலாம் என்று நடுவர் சொன்னதும் முதலில் கைதட்டியவள் அவள். எனக்காகச் சண்டை போட்டவள் அவள். எத்தனை வருடப் பழக்கமோ, அந்த நொடியில் எல்லாம் மறந்துபோயிற்று.

நடுவர் இரண்டு கைகளையும் அகல விரித்தார். அவுட் இல்லை.

"பின்னால!" என்று நான் கத்தினேன். தமிழில் கத்திவிட்டேன். யாருக்குப் புரியும்? மூன்றாவது பேஸில் நின்றவள் அதற்குள் பாதி தூரம் வந்துவிட்டாள். கேப்டன் திரும்பிப் பார்த்தபோது அவள் வீட்டுத் தட்டை மிதித்துக் குதித்துக்கொண்டிருந்தாள்.

ஆட்டம் முடிந்தது. ஆறுக்கு ஐந்து.

கேப்டன் அப்படியே முதல் பேஸின் மேல் உட்கார்ந்துவிட்டாள். நாங்கள் பயந்துபோய் ஓடினோம். குனிந்து பார்த்தால் தோள் குலுங்குகிறது. அழுகிறாள் என்று நினைத்து நான் தோளைத் தொட்டேன். நிமிர்ந்தாள். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தாள். பேச முடியவில்லை. "பேலோக்... பேலோக் கிரி..." என்று சொல்ல முயன்று மறுபடியும் சிரிப்பில் விழுந்தாள். தொற்றிக்கொண்டது. மஞ்சள் சட்டைகள் சிரித்து, நீலச் சட்டைகள் சிரித்து, நடுவர் தொப்பியால் முகத்தை மறைத்துக்கொண்டார்.

கோப்பை அவர்களுக்குப் போயிற்று. அதன்பிறகு திடல் ஓரத்துக் கடையில் எல்லாரும் மேசைகளை ஒன்றாக இழுத்துப் போட்டு, வடையும் காய்கறியும் நறுக்கிக் குழம்பு ஊற்றித் தருகிற பசம்பூர் சாப்பிட்டோம். நீலச் சட்டை முதல் பேஸ்காரி என் தட்டில் அவளுடைய இறால் வடையை எடுத்து வைத்தாள். அக்கா அன்றைக்கு ஆட்டம் பார்க்க வந்திருந்தாள், மறுபடியும் இரவல் வாங்கிய புத்தகத்துக்குக் காவலாக. அவளும் நடுவரும் ஒரு ஓரமாக உட்கார்ந்து, அந்த விதியில் 'முயற்சி' என்ற சொல்லுக்கு எத்தனை எட்டு வைக்க வேண்டும் என்று வெகு நேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒரு எட்டே போதும் என்றார் அவர். தோளைத் திருப்பினாலே முயற்சிதான் என்றாள் அக்கா.

திங்கட்கிழமை காலை பஸ்ஸில் கேப்டன் தன் பக்கத்து இருக்கையில் பையை வைத்து எனக்கு இடம் பிடித்திருந்தாள். "அடுத்த சீசன் முதல் பேஸ்ல நீ நில்லு. நான் தூரமா எங்கியாவது நிக்கிறேன்" என்றாள்.

நான்கு சீசன் நின்றேன். ஒரு வருடம் கோப்பையும் வாங்கினோம். கல்யாணமாகிக் கடல் தாண்டி சிம்பாங் அம்பாட் போன பிறகுதான் விட்டேன்.

நடுவரைக் கடைசியாகப் பார்த்தது ஃபெர்ரியில். பாலம் திறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. என் இடுப்பில் குழந்தை. அவர் பணி ஓய்வு பெற்றிருந்தார், ஆனால் காற்சட்டை மடிப்பு அப்படியே இருந்தது. என்னை அடையாளம் கண்டுகொண்டு எழுந்து இடம் கொடுத்தார். குழந்தையின் கன்னத்தைத் தொட்டுவிட்டு, ரகசியம் சொல்வது போலக் குனிந்தார்.

"பிள்ளை, இப்ப முதல் பேஸ் ரெண்டு வருதாம். தெரியுமோ? வெள்ளை ஒண்டு, அதோட ஒட்டி வெளிப்பக்கம் ஆரஞ்சு ஒண்டு. பந்து பிடிக்கிறவைக்கு வெள்ளை. ஓடுறவைக்கு ஆரஞ்சு. ஆளோட ஆள் மோதாமல் இருக்கவாம்."

"நல்லதுதானே சார்."

"நல்லதுதான்" என்றார். "ஆனா அதையும் புத்தகத்தில ஒருக்கா வாசிச்சுப் பாக்கவேணும். இன்னும் எனக்குக் கையில கிடைக்கேல்ல. உம்மட அக்கா இப்பவும் அங்கதான் வேலையோ?"